விலை போன கொம்பு: ஏமன் நாட்டு ஜம்பியாவின் கதை

ஏமன் நாட்டு ஆண்களை எந்தப் புகைப்படத்தில் பார்த்தாலும் ஒரு பொருள் கண்ணில் படாமல் போகாது. இடுப்பில் அகலமான ஒரு வார். அந்த வாரின் நடுவில், ஏறக்குறைய தொப்புளுக்கு நேராக, கீழ் நுனி மேல்நோக்கி வளைந்த ஓர் உறை. உறைக்குள் ஒரு கத்தி. மளிகைக் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், கல்யாண மாப்பிள்ளை என்று வித்தியாசமே இல்லாமல் எல்லோர் இடுப்பிலும் அது இருக்கும். அதன் பெயர் ஜம்பியா.

நம் ஊர் சினிமாவில் வரும் பிச்சுவா கத்தியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஏதோ சண்டைக்குக் கிளம்பியவர்கள் மாதிரித்தான் தோன்றும். விஷயம் அப்படியில்லை. பெரும்பாலான ஜம்பியாக்கள் தங்கள் வாழ்நாளில் கோபத்தோடு ஒருமுறைகூட உறையிலிருந்து வெளியே வருவதில்லை.

இந்தக் கத்திக்கு இன்னொரு வினோதமும் உண்டு. சாதாரணக் கூலித் தொழிலாளிகூட வாங்கக்கூடிய விலையில் ஒரு ஜம்பியா கிடைக்கும். பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்று காரின் விலைக்கு, சில சமயம் வீட்டின் விலைக்குப் போகும். இரண்டிலும் இருப்பது ஒரே அளவு இரும்பு. அப்படியானால் அந்த விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், ஸனா நகரின் கடைத்தெருவில் தொடங்கி, சவூதியின் எண்ணெய்ப் பணம் வழியாக, ஆப்பிரிக்கக் காடுகளில் செத்துக் கிடந்த ஆயிரக்கணக்கான காண்டாமிருகங்கள் வரை போக வேண்டியிருக்கிறது.

பெயரும் உருவமும்

'ஜன்ப்' என்றால் அரபியில் பக்கம், விலா என்று பொருள். உடம்போடு ஒட்டி அணிவதால் ஜம்பியா என்ற பெயர் வந்தது. பக்கத்து நாடான ஓமனில் இதன் உறவுக்காரக் கத்திக்கு 'கஞ்சர்' என்று பெயர். ஓமன் நாட்டுக் கொடியின் மூலையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்தால், இரண்டு வாள்களுக்கு மேல் உறையோடு கூடிய ஒரு கஞ்சர் தெரியும். 1970ல் அந்தக் கொடி வந்தது. கஞ்சர் செய்யும் கலையையும் அதை அணியும் வழக்கத்தையும் 2022ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பகுதியில் இடுப்பில் கத்தி அணியும் பழக்கம் இஸ்லாத்துக்கும் முந்தையது. 1950களின் தொடக்கத்தில் மாரிபில் அமெரிக்க அகழாய்வுக் குழு ஒரு வெண்கலச் சிலையைக் கண்டெடுத்தது. சிங்கத்தோலை முதுகில் போர்த்தியபடி நடந்து வரும் ஒரு மனிதன். பெயர் மஅதிகரிப். சபா அரசு செழித்திருந்த காலத்தைச் சேர்ந்தது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்தச் சிலையின் இடுப்பிலும் ஒரு குத்துவாள் இருக்கிறது!

ஒரு பழைய ஜம்பியாவைப் பிரித்துப் பார்த்தால் நான்கு பகுதிகள். முதலாவது அலகு. இருபுறமும் கூர் உள்ளது, வளைந்தது, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு ஓடும். இரண்டாவது கைப்பிடி. மேலும் கீழும் அகன்று, இடையில் உடுக்கை போலச் சிறுத்திருக்கும். அதன் முகத்தில் நாணயம் போன்ற இரண்டு வட்டத் தகடுகள், வெள்ளியிலோ தங்கத்திலோ பதித்திருப்பார்கள். மூன்றாவது உறை. மரத்தில் செய்து, தோல் போர்த்தி, துணி நாடாவோ வெள்ளித் தகடோ சுற்றியிருப்பார்கள். நான்காவது வார், அதாவது பெல்ட். ஜரிகை வேலைப்பாட்டோடு இருக்கும்.

உறை சொல்லும் சேதி

ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டாம், உறையைப் பார்த்தால் போதும் என்ற காலம் ஏமனில் இருந்தது.

பழங்குடி வீரர்களின் உறை 'அஸீப்'. நன்றாக வளைந்தது. உடம்பின் நடுவில் நேராக நிற்கும். நபிகள் வழிவந்தவர்கள் என்று மதிக்கப்பட்ட சையதுகளும், நீதி வழங்கும் காஜி குடும்பத்தாரும் அணிந்தது 'தூமா'. இதில் வளைவு குறைவு, வெள்ளி வேலைப்பாடு அதிகம். நடுவில் அல்லாமல் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அணிவார்கள். சமூக ஏணியில் கீழே வைக்கப்பட்டிருந்த கசாப்புக்காரர், முடிதிருத்துபவர் போன்றோர் பழங்குடி வீரனைப் போலக் கத்தியை நடுவில் நிமிர்த்தி அணிய வழக்கம் இடம் கொடுக்கவில்லை. நம் ஊரில் ஒரு காலத்தில் யார் தோளில் துண்டு போடலாம், யார் காலில் செருப்புப் போடலாம் என்று வழக்கம் தீர்மானித்த மாதிரிதான் இதுவும்.

இதில் வேதனையான ஒரு முரண் இருக்கிறது. பழைய ஜம்பியா உறைகளில் காணப்படும் மிக நுட்பமான வெள்ளி வேலை, நூல் போன்ற வெள்ளிக் கம்பிகளை வளைத்துப் பூவும் கொடியுமாக ஒட்டும் வேலை, பெரும்பாலும் ஏமனின் யூதப் பொற்கொல்லர்களுடையது. ஆனால் இமாம்கள் ஆண்ட வட ஏமன் மலைநாட்டில் யூதர்களுக்குப் பொதுவாக ஆயுதம் அணியும் உரிமை கிடையாது. அடுத்தவன் இடுப்புக்கு அழகு செய்தவர்கள் தங்கள் இடுப்பில் அதை அணிய முடியவில்லை. 1949, 1950 ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 ஏமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களோடு அந்தக் கைவேலையில் பெரும்பகுதியும் கிளம்பிப் போய்விட்டது. இன்று அருங்காட்சியகங்களில் 'பழைய ஏமன் வெள்ளி' என்று வியந்து பார்ப்பதில் பெரும்பகுதி அந்தக் கைகள் செய்ததுதான்.

எடுக்கக் கூடாத கத்தி

ஜம்பியாவை உறையிலிருந்து உருவுவது சின்ன விஷயம் அல்ல. வாய்ச்சண்டையில் ஒருவன் கத்தியை உருவிவிட்டால் அது அவனுக்கே அவமானம். பழங்குடி வழக்கப்படி அதற்குத் தண்டமும் உண்டு. பாதி உருவினால்கூடக் குற்றம்தான் என்று வாதிடும் பஞ்சாயத்துகள் அங்கே நடந்திருக்கின்றன.

எப்போது எடுக்கலாம்? 'பரஅ' என்ற ஆட்டத்தில் எடுக்கலாம். திருமணத்திலும் பண்டிகையிலும் முரசு ஒலிக்க, ஆண்கள் வட்டமாக நின்று, கத்தியைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடுவார்கள். ஒருவர் கால் எடுத்து வைப்பதும் அடுத்தவர் கால் எடுத்து வைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். சேர்ந்து நிற்கத் தெரியுமா என்பதற்கான பரீட்சை அது.

இன்னொரு சமயத்திலும் ஜம்பியா இடுப்பை விட்டு வெளியே வரும். இரண்டு தரப்புக்குத் தகராறு வந்தால், மத்தியஸ்தம் செய்யும் பெரியவரிடம் இருவரும் தங்கள் ஜம்பியாவையோ துப்பாக்கியையோ ஒப்படைப்பார்கள். 'உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன்' என்பதற்கு அதுவே அடமானம். முத்திரைத் தாள், நோட்டரி எதுவும் தேவையில்லை. மானத்தை ஒருவரிடம் கொடுத்து வைத்த பிறகு வேறு என்ன ஒப்பந்தம் வேண்டும்? கடன் வாங்குகிறவனும் ஜம்பியாவை ஈடாக வைப்பதுண்டு.

ஆக, இது ஆயுதமாக இருந்து, அடையாள அட்டையாகவும் நம்பிக்கைப் பத்திரமாகவும் மாறிய பொருள். இப்படி மாறிய எந்தப் பொருளுக்கும் ஒரு குணம் வந்துவிடும். அதன் விலை, அது செய்யும் வேலையைப் பொறுத்து இருக்காது. அதை யார் வைத்திருக்கிறார், எதில் செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கும். தோர்ஸ்டீன் வெப்லென் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899லேயே இதை விளக்கி எழுதினார். சில பொருள்களை மக்கள் விலை அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே வாங்குவார்கள். பொருளியல் பாடத்தில் 'விலை ஏறினால் தேவை குறையும்' என்று படிக்கிறோமே, அந்த விதி இங்கே தலைகீழாக நிற்கும்.

கைப்பிடிக்குத்தான் விலை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஜம்பியாவின் விலை ஒளிந்திருப்பது கைப்பிடியில்.

மரம், எருமைக் கொம்பு, பிளாஸ்டிக் ஆகியவை மலிவானவை. உச்சியில் இருப்பது காண்டாமிருகக் கொம்பு. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரட்டினால்தான் காண்டாமிருகக் கொம்பும் ஆனது. உள்ளே எலும்பு கிடையாது. நார் நாராக நெருங்கி வளர்ந்தது என்பதால் செதுக்க எளிது, சட்டென்று வெடிக்காது.

புதிதாகச் செய்தபோது அது கருமையாக, பெரிய கவர்ச்சி இல்லாமல்தான் இருக்கும். வருடக்கணக்காகக் கைபட்டுக் கைபட்டு, தலைமுறை மாறி மாறி, மெல்ல மெல்ல மஞ்சள் படர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் தேன் கட்டி போல உள்ளே ஒளி ஊடுருவும் நிலைக்கு வரும். அப்படிப் பழுத்த கைப்பிடிக்கு 'சைஃபானி' என்று பெயர். நிறத்துக்கு நிறம் தனிப் பெயர்களும் உண்டு. வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்ததை 'பஸலி' என்பார்கள். 'பஸல்' என்றால் அரபியில் வெங்காயம்.

நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. மற்ற எல்லாப் பொருளும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், மதிப்புக் குறையும். கணக்கியலில் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். சைஃபானி கைப்பிடிக்குத் தேய்மானம் கிடையாது. பயன்படுத்தப் பயன்படுத்த மதிப்பு ஏறும்! அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தால் இன்னும் ஏறும். ஒரு பெரிய தலைவர் அணிந்தது என்றால் சொல்லவே வேண்டாம்.

அணிந்தவரின் பெயர் விலையை எப்படி மாற்றும் என்பதற்கு ஏமனுக்கு வெளியே ஓர் உதாரணம். முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்த பிரிட்டிஷ் அதிகாரி டி.இ. லாரன்ஸுக்கு, வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய ஒரு வளைந்த கத்தி பரிசாகக் கிடைத்தது. 2015ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1,22,500 பவுண்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு அதை நாட்டை விட்டு எடுத்துச் செல்வதைத் தற்காலிகமாகத் தடுத்தது. கடைசியில் அங்குள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. அதே வேலைப்பாடுள்ள, பெயர் தெரியாத ஒருவரின் கத்தி அந்த விலையில் சிறு பங்குகூடப் போகாது.

எண்ணெய்ப் பணம் வந்த கதை

1962 செப்டம்பர் 26 அன்று வட ஏமனில் புரட்சி நடந்து இமாம் ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை காண்டாமிருகக் கொம்புக் கைப்பிடி என்பது இமாம் குடும்பம், சையதுகள், பெரிய ஷேக்குகள் போன்ற சிலருக்கு மட்டுமே எட்டிய பொருள். வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் வாங்கும் சக்தி இல்லை. அதனால் ஆண்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் கொம்பும் குறைவுதான்.

புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர் 1970ல் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1973ல், உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. சவூதி அரேபியா சாலை, துறைமுகம், கட்டடம் என்று கட்டத் தொடங்கியது. வேலைக்கு ஆள் வேண்டும். பக்கத்திலேயே மொழியும் மதமும் ஒன்றாக உள்ள ஏமன் இருந்தது. லட்சக்கணக்கான ஏமன் இளைஞர்கள் எல்லை தாண்டிப் போனார்கள். 1970களின் பிற்பகுதியில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்றுமதி என்று சொல்ல அதிகம் இல்லாத ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பது நமக்கும் தெரிந்ததுதான். வீடு கட்டுவார்கள், நகை வாங்குவார்கள், கல்யாணத்தை விமரிசையாக நடத்துவார்கள். ஏமன் இளைஞனும் அதையே செய்தான். கூடவே ஒன்று வாங்கினான். தாத்தா ஏக்கத்தோடு பார்த்த, ஷேக்குகளின் இடுப்பில் மட்டும் மின்னிய அந்தக் கொம்புக் கைப்பிடி ஜம்பியாவை வாங்கினான்.

அதைத் தவறு என்று சொல்லிவிட முடியுமா? நூற்றாண்டுகளாக 'இது உனக்கு அல்ல' என்று சொல்லப்பட்ட ஒரு பொருளை உழைத்துச் சம்பாதித்த காசில் வாங்குவதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், தேவை பல மடங்கு ஆனது. வரத்தோ ஒரு மிருகத்தின் மூக்கில் இருந்தது.

22 டன் கொம்பு

எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டின் என்ற அமெரிக்கப் புவியியல் அறிஞர் நைரோபியில் வசித்து வந்தார். இந்தியப் பெருங்கடலில் ஓடும் பாய்மரக் கப்பல்களின் வணிகத்தை ஆராய்ந்தவர். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கும் வேலை. அந்தக் கணக்குகளில் காண்டாமிருகக் கொம்பு வட ஏமனுக்குப் போவதைக் கண்டு, 1970களின் இறுதியில் அதைத் துரத்திக்கொண்டு ஸனாவுக்கே போனார்.

அதுவரை உலகம் என்ன நினைத்திருந்தது? காண்டாமிருகக் கொம்பெல்லாம் ஆண்மை மருந்துக்காகக் கிழக்கு ஆசியாவுக்குப் போகிறது என்றுதான். மார்ட்டின் கண்டது வேறு. வட ஏமன் அரசின் சொந்த இறக்குமதிப் புள்ளிவிவரப்படியே 1969க்கும் 1977க்கும் இடையில் 22 டன்னுக்கு மேல் கொம்பு அந்த நாட்டுக்குள் வந்திருந்தது. அந்தப் பத்தாண்டில் உலகச் சந்தைக்கு வந்த கொம்பில் ஏறக்குறைய 40 சதவீதம் ஏமனுக்குப் போனது என்று மதிப்பிடுகிறார்கள்.

இதைக் கிலோவில் நினைத்தால் ஒன்றும் தோன்றாது. மிருகமாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தின் இரண்டு கொம்பும் சேர்ந்து சராசரியாக 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 22 டன் என்பது ஏறத்தாழ 8000 காண்டாமிருகங்கள்!

அதிலும் கொம்பு முழுவதும் கைப்பிடியாவதில்லை. செதுக்கும்போது பாதிக்கு மேல் சீவலாகவும் தூளாகவும் உதிரும். வியாபாரிகள் அதைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டி, மருந்துக்காகக் கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஒரு மிருகத்தின் கொம்பில் முதன்மைப் பொருளும் உண்டு, உபபொருளும் உண்டு. இரண்டுக்கும் இரண்டு சந்தை. ஒரு சந்தை மந்தமானாலும் இன்னொன்று காப்பாற்றும். வணிகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் கச்சிதமான தொழில். அதுதான் பயமுறுத்துகிறது.

1970ல் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1995ல் எஞ்சியவை 2,500க்கும் குறைவு. கென்யாவில் மட்டும் 1970ல் ஏறத்தாழ 20,000 இருந்தவை, 1980களின் நடுவில் சில நூறாகக் குறைந்துவிட்டன. காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் 1976ல் சுமார் 490 வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இருந்தன, 1984ல் 15. அங்கே கொல்லப்பட்டவற்றின் கொம்புகளில் ஒரு பகுதி சூடான் வழியாக ஏமன் போய்ச் சேர்ந்தது. இந்த அழிவு முழுவதையும் ஜம்பியாவின் தலையில் கட்ட முடியாது. கிழக்கு ஆசிய மருந்துச் சந்தை, ஆப்பிரிக்க நாடுகளின் உள்நாட்டுப் போர்கள், ஊழல் அதிகாரிகள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு சிறிய நாட்டின் இடுப்புக் கத்தி இவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பதை மறுக்க முடியாது.

ஸனா கடைத்தெருவில் வாங்கியவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை. செங்கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. கொன்றவனுக்கு ஜம்பியா தெரியாது, வாங்கியவனுக்கு மிருகம் தெரியாது. இடையில் இருந்த தரகருக்கு இரண்டும் தெரியும், ஆனால் அவருக்கு லாபம் மட்டுமே கணக்கு.

சட்டம், ஃபத்வா, எருமைக் கொம்பு

1977க்குள் காண்டாமிருக இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வந்துவிட்டன. அதாவது உறுப்பு நாடுகளுக்கிடையே வணிகமே கூடாது. வட ஏமன் அப்போது உறுப்பு நாடு அல்ல. 1982ல் அந்த அரசு கொம்பு இறக்குமதியைத் தடை செய்தது. விளைவு? துறைமுகத்தில் பதிவாகி வந்த சரக்கு, பதிவாகாமல் வரத் தொடங்கியது. கார்ட்டூம், ஜிபூட்டி வழியாகக் கடத்தல் தொடர்ந்தது. கடத்தல் ஆபத்துக்கும் சேர்த்து விலை ஏறியது. வெப்லென் சொன்ன மாதிரி, விலை ஏறியதும் கௌரவமும் ஏறியது!

இறக்குமதித் தடை மட்டும் போதாது என்று புரிந்த பிறகு, 1980களின் பிற்பகுதியில் வேறு வழிகளையும் முயன்றார்கள். 1987ல் கொம்புச் சீவலின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. உபபொருளின் சந்தையை அடைத்தால் முதன்மைப் பொருளின் லாபமும் குறையும் என்ற கணக்கு. எருமைக் கொம்பு மீதான இறக்குமதி வரியை நீக்கினார்கள். பதிலிப் பொருள் மலிவானால் மக்கள் அதன் பக்கம் திரும்புவார்கள் என்ற கணக்கு. அந்த எருமைக் கொம்பு பெரும்பாலும் எங்கிருந்து போனது தெரியுமா? இந்தியாவிலிருந்து. இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத எருமைக் கொம்பு, அங்கே ஒரு காண்டாமிருகத்தின் உயிருக்கு மாற்றாக நின்றது.

1992ல் ஏமனின் தலைமை முஃப்தி ஒரு ஃபத்வா வெளியிட்டார். கொம்புக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்வது இறைவனின் விருப்பத்துக்கு எதிரானது என்பது அதன் சாரம். சட்டத்துக்குப் பயப்படாத ஊரில் இந்தக் குரலுக்கு மரியாதை இருந்தது. 1997ல் ஏமன் சைட்டிஸில் சேர்ந்தது.

ஆனால் உண்மையான திருப்பம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் வடக்கும் தெற்கும் இணைந்து ஒரே ஏமன் ஆகியிருந்தது. வளைகுடா நெருக்கடியில் ஏமன் எடுத்த நிலைப்பாடு சவூதிக்குக் கோபமூட்ட, ஏமன் தொழிலாளர்களுக்கு இருந்த சலுகைகள் ரத்தாயின. ஏறத்தாழ 8 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம் வற்றியது. ஏமன் ரியாலின் மதிப்பு சரிந்தது. கொம்புக்குக் கிழக்கு ஆசியாவில் கிடைத்த விலையோடு ஸனா வியாபாரிகளால் போட்டி போட முடியவில்லை. எண்ணெய்ப் பணத்தோடு வந்த தேவை, அந்தப் பணம் போனதும் இறங்கியது.

சட்டம் சாதித்ததைவிட வறுமை அதிகம் சாதித்தது என்பது கேட்க நன்றாக இல்லை. ஆனால் நடந்தது அதுதான். சட்டத்தால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மலிவான எருமைக் கொம்பும், கொல்வது பாவம் என்ற பேச்சும் அந்தச் சமயத்தில் தயாராக இருந்ததால்தான், பணமில்லாதவன் எருமைக் கொம்புக் கைப்பிடி ஜம்பியாவைத் தலைகுனியாமல் அணிய முடிந்தது.

பழையதும் புதியதும்

இந்தக் கதையில் சிக்கலான ஒரு முடிச்சு இன்னும் பாக்கி இருக்கிறது. பழைய சைஃபானி ஜம்பியாக்களை என்ன செய்வது?

நூறு வருடத்துக்கு முன்பு செத்துப்போன காண்டாமிருகம் திரும்பி வரப்போவதில்லை. அந்தக் கைப்பிடியைப் போற்றி வைத்திருக்கும் குடும்பத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய் விற்பதற்குத்தான் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் பழையதற்கு எவ்வளவு அதிக விலை பேசப்படுகிறதோ, அந்த அளவு புதியதைப் பழையது என்று சொல்லி விற்கும் ஆசையும் வளரும். பழையதைப் புகழ்வதும் ஒரு வகையில் புதியதற்கு விளம்பரம்தான். இன்னொரு பக்கம், எல்லோரும் பழையதையே கைமாற்றி வாங்கிக்கொண்டால் புதுக் கொம்புக்குத் தேவையே இருக்காது என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கிடையில் காலம் மற்றவர்களையும் மாற்றிவிட்டது. கறுப்புக் காண்டாமிருகத்தின் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையினம் அழிந்துவிட்டது என்று 2011ல் அறிவித்தார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், 'சூடான்' என்ற பெயருள்ளது, 2018 மார்ச் 19 அன்று கென்யாவில் இறந்தது. அப்போது மிஞ்சியவை இரண்டு பெண்கள் மட்டுமே. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், 2018 பிப்ரவரி 4 அன்று, எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டின் நைரோபியில் தன் வீட்டில் கத்திக் குத்துக் காயத்தோடு இறந்து கிடந்தார். வாழ்நாள் முழுவதும் கொம்பையும் தந்தத்தையும் பின்தொடர்ந்து கணக்கெடுத்தவர்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பாதுகாப்பு பலப்பட்டதால் கறுப்புக் காண்டாமிருகங்களின் மொத்த எண்ணிக்கை மீண்டும் 6000ஐத் தாண்டியிருக்கிறது. ஏமனின் நிலைமைதான் மோசமானது. 2014ல் தொடங்கிய போர் நாட்டைச் சிதைத்தது. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் பழைய ஸனா நகரை 2015ல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பல தலைமுறைகளாக விற்காமல் வைத்திருந்த ஜம்பியாக்களை வீட்டுச் செலவுக்காக விற்கும் நிலைக்குப் பல குடும்பங்கள் வந்தன.

ஜம்பியா அணியும் வழக்கம் மட்டும் விடவில்லை. மரமோ, பிளாஸ்டிக்கோ, எருமைக் கொம்போ, ஏதோ ஒரு கைப்பிடியோடு அது ஏமன் ஆண்களின் இடுப்பில் இருக்கிறது. கல்யாணத்தில் அதே ஆட்டம், தகராறில் அதே ஒப்படைப்பு. கைப்பிடி மாறியதால் யாருடைய மானமும் குறைந்துவிடவில்லை. பெரியவரிடம் ஒப்படைக்கும் எருமைக் கொம்பு ஜம்பியாவும் சைஃபானி ஜம்பியாவும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன. இது 1970லேயே எல்லோருக்கும் தோன்றியிருந்தால், 8000 காண்டாமிருகங்கள் தப்பியிருக்கும்.